'ஒரு அணு போதும்' என்றால் என் பங்கு என்ன?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 34. செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை. மனைவிக்கு 31. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. மனைவிக்கு ரத்தம், ஸ்கேன், கருக்குழாய் சோதனை எல்லாம் எடுத்தாயிற்று, குறை எதுவும் தென்படவில்லை. விந்தை நேரே கருப்பைக்குள் விடும் ஐயூஐ இரண்டு முறை செய்தும் தங்கவில்லை. இவருடைய விந்து ரிப்போர்ட் 'கொஞ்சம் குறைவு'. இப்போது இக்ஸி, அதாவது ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் விடும் முறை, செய்யலாம் என்கிறார்கள். அவர் கேட்பது இதுதான்: "அண்ணே, இக்ஸிக்கு ஒரே ஒரு அணு போதும் என்றார்கள். அப்படியானால் என் விந்தின் தரம் இனி ஒரு பொருட்டே இல்லையா? நான் எதையும் மாற்ற வேண்டியதில்லையா? வீட்டில் அம்மா இன்னமும் அவளைத்தான் குறை சொல்கிறார்."

தம்பி, நானும் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தான். இருபத்தாறு வருடம் ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து விந்தணு எண்ணியிருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். முட்டைக்குள் நுழைக்க ஒரு அணு போதும் என்பது உண்மை. அது எப்படிப்பட்ட அணு என்பதைப் பொறுத்துத்தான் கரு வளர்வதும், தங்குவதும். அந்த அணு எப்படிப்பட்டதாக இருக்கும் என்பது, முட்டை எடுக்கும் நாளுக்கு முந்தைய மூன்று மாதம் உங்கள் உடம்பு எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. அந்த மூன்று மாதத்தை மனைவியோ டாக்டரோ உங்களுக்காக வாழ்ந்து தர முடியாது.

உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அளவு 1.8 மில்லி. ஒரு மில்லிக்கு 12 மில்லியன் அணு. முன்னோக்கி நீந்துபவை 22 விழுக்காடு. சரியான வடிவம் 3 விழுக்காடு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின் கீழ் எல்லை இது: அளவு 1.4 மில்லி, மில்லிக்கு 16 மில்லியன், மொத்தம் 39 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 30 விழுக்காடு, சரியான வடிவம் 4 விழுக்காடு. இந்த எல்லையை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? முயற்சி தொடங்கி ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் விந்தைச் சோதித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் இந்த எண்களுக்குக் கீழே இருந்தார்கள். அந்த ஐந்து பேரும் தகப்பன்கள்தான். ஆகவே எல்லைக்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. மேலே இருந்தால் பிறந்தே தீரும் என்றும் இல்லை. நூற்றுக்கு நாலுதான் சரியான வடிவம் என்றதும் நிறையப் பேர் மிரண்டுவிடுகிறார்கள். நன்றாக இருக்கும் ஆண்களிடமே பெரும்பாலான அணுக்கள் கோணல் மாணலாகத்தான் இருக்கும். உங்கள் 3-ஐப் பார்த்து நான் கவலைப்படவில்லை.

எனக்குக் கவலை தந்தது வேறொரு எண், ரிப்போர்ட்டில் அதை யாரும் எழுதவில்லை. 1.8-ஐ 12-ஆல் பெருக்குங்கள், 21.6 மில்லியன். அதில் 22 விழுக்காடு என்றால் முன்னோக்கி நீந்துபவை மொத்தமே ஏறக்குறைய 4.75 மில்லியன். ஐயூஐ செய்யும்போது விந்தைக் கழுவி, நல்ல நீச்சல் உள்ளவற்றை மட்டும் பிரித்துக் கருப்பைக்குள் விடுகிறார்கள். கழுவும்போதே ஒரு பகுதி போய்விடும். கழுவிய பிறகு 5 மில்லியனாவது மிஞ்ச வேண்டும், 10 இருந்தால் நல்லது என்பதுதான் பல கூடங்களின் கணக்கு. உங்களுக்குக் கழுவுவதற்கு முன்பே அது இல்லை. எல்லாம் சரியாக இருக்கும் தம்பதிகளுக்கே ஐயூஐ ஒரு முறைக்குப் பத்தில் ஒன்று, ஒன்றரை என்ற அளவில்தான் பலிக்கிறது. இரண்டு முறை தங்காததற்கு உங்கள் மனைவியிடம் காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது டெங்கி. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. டெங்கிக் காய்ச்சலில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, எழுந்து ஆறு வாரத்தில் இந்த டெஸ்ட். அதற்கடுத்த இரண்டு மாதத்தில் இரண்டு ஐயூஐ. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும். பிறகு விரைக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் குழாயில் ஒன்றிரண்டு வாரம் தங்கி, அங்கேதான் நீந்தவே பழகுகிறது. ஆக இன்று வெளிவரும் அணு மூன்று மாதத்துக்கு முன்னால் விதைத்தது. கடும் காய்ச்சல் வந்தால், அப்போது பாதி வளர்ச்சியில் இருந்த அணுக்கள் அடிபடும். அந்தச் சேதம் காய்ச்சலின்போது தெரியாது, அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில்தான் எண்ணிக்கையில் தெரியும். பிறகு பெரும்பாலும் தானாகவே மீளும். நீங்கள் மிகவும் மோசமான வாரத்தில் டெஸ்ட் எடுத்திருக்கிறீர்கள். காய்ச்சல் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை, உங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. காய்ச்சல் இல்லாதவனுக்கே விந்தின் எண்கள் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த ஆணையும் எடை போடக் கூடாது. குறைவாக வந்தால் இன்னொரு முறை எடுத்தே ஆக வேண்டும்.

அந்த இன்னொரு முறை உங்களுக்கு இதுவரை நடக்கவில்லை. உங்கள் மனைவிக்கு எத்தனை ஊசி, எத்தனை ஸ்கேன் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி இக்ஸிக்குள் போவோம். 1992-இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸில் இந்த முறையில் முதல் கர்ப்பங்கள் உண்டானதாக அறிவித்தார்கள். அதற்கு முன்பு, அணு மிகவும் குறைந்த ஆண்களுக்கு வேறொருவரின் விந்தை வாங்குவது அல்லது தத்தெடுப்பது, இந்த இரண்டு வழிதான். அதனால் இக்ஸி எனக்குச் சாதாரண விஷயம் இல்லை, அதைக் கும்பிட்டு வரவேற்றவன் நான். முட்டையைச் சுற்றியுள்ள செல்களைக் களைந்துவிட்டு, கூடத்தில் இருப்பவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒரு அணுவைத் தேர்ந்தெடுக்கிறார். அதன் வாலைத் தட்டி அசையாமல் செய்து, மயிரைவிட மெல்லிய கண்ணாடி ஊசியில் உறிஞ்சி, முட்டைக்குள் விடுகிறார். வீட்டு முறையில் மில்லியன் கணக்கில் கிளம்பி, நூற்றுக்கணக்கில் குழாயை அடைந்து, ஒன்று நுழைகிறது. வழி நெடுக ஒரு வடிகட்டல் நடக்கிறது. இக்ஸியில் அந்த வடிகட்டல் முழுவதும் ஒரு மனிதனின் கண்ணில் வந்து நிற்கிறது. கண்ணுக்கு என்ன தெரியும்? தலை, கழுத்து, வால், நீச்சல். தலைக்குள் சுருட்டி வைத்திருக்கும் மரபணு இழை அறுந்திருக்கிறதா, முழுசாக இருக்கிறதா என்பது தெரியாது.

உங்கள் கேள்விக்கான பதில் அந்த இழையில்தான் இருக்கிறது. விந்தணு முட்டைக்கு மூன்று பொருள் கொண்டுபோகிறது. முட்டையை எழுப்பிவிடும் ஒரு புரதம், செல் பிளவை நடத்த உதவும் ஒரு சின்ன உறுப்பு, பாதி மரபணு. முதல் மூன்று நாள் கரு வளர்வது பெரும்பாலும் முட்டையில் ஏற்கெனவே சேர்த்து வைத்த சரக்கால். மூன்றாம் நாள் வாக்கில்தான் கருவின் சொந்த மரபணு வேலை தொடங்குகிறது, தகப்பன் தந்த பாதியும் அப்போதுதான் பேச ஆரம்பிக்கும். அதனால் மூன்றாம் நாள் வரை அழகாக இருந்த கரு ஐந்தாம் நாளுக்குள் நின்றுபோனால், முட்டையை மட்டும் குறை சொல்ல முடியாது. மரபணு இழை அதிகம் அறுந்த விந்துக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. அறுந்த இழையை ஓரளவு தைத்துக்கொள்ளும் திறமை முட்டைக்கு இருக்கிறது. பெண்ணின் வயது ஏற ஏற அந்தத் திறமை குறையும். உங்கள் மனைவிக்கு 31, அந்த விதத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஆனால் கணவன் செய்த சேதத்தையும் மனைவியின் முட்டைதான் தைக்கிறது என்பதை, உங்கள் அம்மா மருமகளைக் குறை சொல்லும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அணு நன்றாக இருக்கும் தம்பதிக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று இக்ஸி செய்வதால் லாபம் இல்லை. வியட்நாமில் 1,064 தம்பதிகளை வைத்து நடத்திய ஆய்வு 2021-இல் லான்செட் இதழில் வந்தது. கணவனின் எண்ணிக்கையும் நீச்சலும் சரியாக இருந்தபோது, அணுவையும் முட்டையையும் தட்டில் ஒன்றாக விடும் சாதாரண ஐவிஎஃப்பைவிட இக்ஸியில் குழந்தைப் பேறு குறிப்பிடும்படி கூடவில்லை. உங்கள் அடுத்த ரிப்போர்ட் நன்றாக வந்தால் டாக்டரிடம் இதைக் கேட்கலாம்: "இக்ஸி இன்னமும் தேவையா? சாதாரண ஐவிஎஃப் போதுமா? இன்னொரு ஐயூஐ பார்க்கலாமா?" தனியாரில் ஒரு சுற்று ஐவிஎஃப் பெரும்பாலும் 15,000 வெள்ளிக்கு மேல்தான். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சரி, மூன்று மாதத்தில் என்ன செய்வது?

முதலில் ஒரு டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டும். பெரும்பாலான ஆண்களுக்கு விந்து டெஸ்ட் மட்டும் எடுக்கிறார்கள், உடம்பை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இது நீண்ட நாள் ஆதங்கம். விரைக்கு மேலே, பெரும்பாலும் இடப்பக்கம், ரத்தக்குழாய் புடைத்துப் புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல் கைக்குத் தட்டுப்படும். வெரிகோசீல் என்பார்கள். பொதுவில் நூறு ஆண்களில் 15 பேருக்கு இருக்கும். குழந்தையில்லாமல் சோதனைக்கு வருபவர்களில் 35 முதல் 40 பேருக்கு இருக்கும். வலி இருக்கவே வேண்டும் என்றில்லை. கைக்குத் தட்டுப்படும் அளவில் இருந்து, விந்தும் குறைந்திருந்தால், அறுவை செய்து சரிசெய்யலாம். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். சின்ன வயதில் விரை கீழே இறங்காமல் இருந்ததா, வாலிப வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியதா என்றும் அம்மாவிடம் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்து சூடு. விரை உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே உற்பத்தி ஒழுங்காக நடக்கும். பாய்லர் பக்கம் எட்டு மணி நேரம், மேலே ஓவர்டைம், கெட்டியான ஜீன்ஸ். வேலையை விடச் சொல்ல மாட்டேன், அது உங்கள் சோறு. ஆனால் மூன்று மாதத்துக்கு வேறு பகுதிக்கு மாற்றித் தரச் சொல்லி மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள், காரணம் சொல்லப் பிடிக்காவிட்டால் உடம்பு சரியில்லை என்றால் போதும். முடியாவிட்டால் ஓவர்டைமையாவது குறையுங்கள், தளர்வான உடை போடுங்கள், இடைவேளையில் வெளியே காற்றுக்கு வாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் என்று எழுதியிருக்கிறீர்கள். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. நீங்கள் நிறுத்த வேண்டும். புகை எண்ணிக்கையையும் நீச்சலையும் தொடுகிறது, மரபணு இழையை அறுக்கிறது. வேப் என்ற மின்சிகரெட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அரசாங்கக் கிளினிக்கில் புகை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது. சம்சு என்ற மலிவுச் சாராயத்தின் பக்கமே போகாதீர்கள். சம்சு நம் தோட்டங்களில் எத்தனை குடும்பத்தைத் தின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரையைப் பாருங்கள். நம் நாட்டில் இந்தியர்களிடம்தான் நீரிழிவு அதிகம், முப்பது வயதில் வருவதும் இப்போது புதிதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இழை அறுவது கூடும், சிலருக்கு விந்து முன்னால் வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். ஒரு ரத்த டெஸ்டில் தெரிந்துவிடும்.

ஆலையில் கூட வேலை பார்ப்பவர் ஒரு ஊசியும் தோங்காட் அலி என்ற மூலிகை மாத்திரையும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி, இதை இரண்டு முறை படியுங்கள். டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டால் விந்தணு கூடாது, குறையும், சிலருக்குச் சுத்தமாக நின்றுவிடும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், விரையை வேலை வாங்கும் மூளையின் சமிக்ஞை ஓய்ந்துவிடுகிறது. ஜிம்மில் உடம்பு ஏற்றப் போட்டுக்கொண்ட நல்ல ஆரோக்கியமான இளைஞர்களின் மாதிரியில் ஒரு அணுகூட இல்லாமல் தேடியிருக்கிறேன். நிறுத்திய பிறகு மீள மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருடத்தையும் தாண்டலாம். வீரியத்துக்கு என்று விற்கும் மாத்திரைகளில் சொல்லாமல் வேறு மருந்தைக் கலந்து சுகாதார அமைச்சிடம் பிடிபடுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் பற்றியும் கேட்டீர்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடத்திய ஆய்வு 2020-இல் வந்தது. ஆறு மாதம் அந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட கணவன்மாருக்கும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குழந்தைப் பேற்றில் வித்தியாசம் இல்லை. அந்தக் காசுக்கு மீனும் கீரையும் வாங்குங்கள்.

'சேர்த்து வைத்தால் பலம்' என்று ஒரு எண்ணம் நம்மவர்களிடம் உண்டு, ஒரு துளி விந்துக்கு நாற்பது துளி ரத்தம் என்பார்கள். இரண்டு மூன்று வாரம் அடக்கி வைத்துவிட்டு மாதிரி கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு கூடியிருக்கும், அணுக்கள் பழசாகி, நீச்சல் குறைந்து, இழையும் அறுந்திருக்கும். டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேற்படாமல் இடைவெளி விடுங்கள். மற்ற நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மனைவியோடு சேர்ந்திருப்பது விந்துக்கும் நல்லது, உங்கள் இருவருக்கும் நல்லது.

உங்கள் அப்பா முப்பது வருடம் மருந்து அடித்தவர், அந்த விஷம் உங்களைப் பாதித்திருக்குமா என்று கேட்டீர்கள். அதை வைத்து உங்கள் ரிப்போர்ட்டுக்குக் காரணம் சொல்ல என்னால் முடியாது. ஆனால் இப்போது கையில் விஷம் படும் வேலை செய்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1977-இல் கலிபோர்னியாவின் லேத்ரோப் என்ற ஊரில், பயிர் வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்து தயாரிக்கும் ஆலை ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான், யாருக்கும் பல வருடமாகக் குழந்தை பிறக்கவில்லை என்பது தெரிந்தது. சோதித்தால் பலருக்கு அணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. பிறகு அந்த மருந்தையே தடை செய்தார்கள். அது இங்கே அடிக்கும் களைக்கொல்லி இல்லை, வேறு சரக்கு. என்றாலும் அந்த ஆட்கள் வெட்கப்பட்டு வாயை மூடியிருந்தால் இன்னும் எத்தனை வருடம் ஓடியிருக்குமோ. நம் தோட்டத்தில் அந்தப் பேச்சை எந்த ஆணும் எடுத்ததில்லை.

என் சின்னம்மாவுக்குப் பதினோரு வருடம் குழந்தை இல்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் அவருக்குத்தான் மாத்திரை கொடுத்தார். ஈப்போ கல்லுமலை கோயிலுக்குப் பால்குடம் எடுத்தவரும் அவர்தான், வளைகாப்புக்கு அழைக்கப்படாதவரும் அவர்தான். சித்தப்பா இரண்டாவதாக ஒரு பெண்ணைக் கட்டினார், அங்கேயும் பிறக்கவில்லை. அதற்குப் பிறகும் அவரை யாரும் டெஸ்டுக்குக் கூப்பிடவில்லை. குழந்தை பிறக்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதியில் ஆண் பக்கத்துக் காரணமும் சேர்ந்திருக்கிறது. உங்கள் அம்மாவிடம் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள், மனைவி சொல்லக் கூடாது. "அம்மா, குறைவு என் பக்கம். நான் வைத்தியம் பார்க்கிறேன்" என்றால் போதும்.

மனைவிக்கு 38, 39 என்றிருந்தால் மூன்று மாதம் காத்திருங்கள் என்று சொல்லியிருக்க மாட்டேன், வைத்தியத்தையும் இதையும் ஒன்றாகச் செய்யுங்கள் என்றிருப்பேன். 31-க்கு மூன்று மாதம் பெரிய இழப்பில்லை. சுங்கை சிப்புட் அரசாங்கக் கிளினிக்கில் தொடங்கி, கடிதம் வாங்கி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். எல்பிபிகேஎன் என்ற குடும்ப மேம்பாட்டு வாரியமும் கோலாலம்பூரில் குழந்தையின்மைக்கென்று கிளினிக் நடத்துகிறது. ஐயூஐ, ஐவிஎஃப், இக்ஸி மூன்றுக்கும் ஊழியர் சேமநிதியிலிருந்து மருத்துவச் செலவுக்கென்று பணம் எடுக்க முடியும்.

இரண்டாவது ரிப்போர்ட்டிலும் எண்கள் மிகவும் கீழே இருந்தால், மில்லிக்கு 5 மில்லியனுக்கும் குறைவாக வந்தால், ஹார்மோனும் மரபணுவும் சோதிக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் இக்ஸிக்குப் பணம் கட்ட வேண்டாம். எண்கள் பரவாயில்லை, ஆனால் கரு தங்கவில்லை, கலைகிறது என்றால் அப்போது இழை அறுந்திருக்கும் அளவைச் சோதிப்பது பற்றிப் பேசலாம். முதல் நாளிலேயே எல்லாருக்கும் தேவையான டெஸ்ட் இல்லை அது.

மாதிரி கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கூடத்திலேயே அறை இருந்தால் அங்கே கொடுப்பதுதான் நல்லது. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும், உங்கள் இடத்திலிருந்து ஈப்போவுக்கு அது முடியும். அவர்கள் கொடுக்கும் டப்பாவில் மட்டும் எடுங்கள், சாதாரண ஆணுறை வேண்டாம், அதில் அணுவைக் கொல்லும் பொருள் இருக்கலாம். சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் படக் கூடாது. முதலில் வரும் துளியில்தான் அணு அதிகம், அது சிந்திவிட்டால் மறைக்காமல் கவுண்டரில் சொல்லுங்கள், இன்னொரு நாள் தருவார்கள். மோட்டார் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், வெயிலில் வெந்துவிடும். ஏர்கான் காற்று படும் இடத்திலும் வேண்டாம். சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். டெங்கி எப்போது வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி டப்பாவோடு கொடுத்துவிடுங்கள்.